பத்தொன்பதாம் லெவலில் விடுபட்ட வாய்

2008 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு எல்லிமேட்டுத் தங்கச் சுரங்கத்தின் கூண்டு இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அதில் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள், பதின்மூன்று பேர் வாயைத் திறக்கவில்லை, பதினான்காவது ஆளான இன்னாசி பேசிக்கொண்டே போனார். மேலே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி சலேத்தம்மாளுக்கு அந்தக் குரல் முதல் லெவல் தாண்டியும் கேட்டது, இரண்டாவது தாண்டியும் கேட்டது, பிறகு இரும்புக் கயிறு இறங்கும் சத்தமும் அதுவும் ஒன்றாகக் கலந்து எது கயிறு எது புருஷன் என்று பிரிக்க முடியாமல் போனபோது அவள் வீட்டுக்குத் திரும்பிக் குழம்புக்குப் புளி ஊறவைத்தாள். மத்தியானம் அவர் வாயில்லாமல் திரும்பி வந்தார்.

எல்லிமேடு என்ற பெயர், ஹென்லி என்ற வெள்ளைக்காரரின் பெயர் மூன்று தலைமுறை நாக்குகளில் தேய்ந்து வந்தது. அங்கே பூமிக்கு மேலே பார்க்க ஒன்றும் கிடையாது: தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய வெள்ளை மண்மேடுகள், தகரக் கூரை போட்ட லைன் வீடுகள், ஒரு மாதா கோயில், ஒரு மாரியம்மன் கோயில், பூட்டிக் கிடந்த சங்கக் கட்டடம். பார்க்க வேண்டியதெல்லாம் கீழே பத்தொன்பதாம் லெவலில், தங்கம் தீர்ந்து கைவிட்ட ஒரு பக்கச் சுரங்கத்தில் இருந்தது. அங்கே பாறை பச்சையாக, சோப்பைப்போல இளகியிருக்கும், தேய்ந்துபோன துளைக்கம்பியாலேயே செதுக்கலாம். அந்தச் சுரங்கத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் முகங்கள், முகத்துக்குப் பக்கத்தில் முகம், ஏறக்குறைய முன்னூறு முகங்கள்.

கலை என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. துளை மிஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஒருவன் வெடித் திரிக்குத் தீ வைத்தால் மற்றவன் காவல் நிற்க வேண்டும், அந்த இரண்டு பேருக்குள் சண்டை என்றால் அது அவர்களோடு நிற்காமல் லெவலில் இருக்கிற அத்தனை பேர் தலையிலும் விழும். அதனால் சண்டை போட்டவர்களை மேஸ்திரி பிரித்துவிட மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் அந்தப் பக்கச் சுரங்கத்தில் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவன் தலைவிளக்கை மற்றவன் மூஞ்சியில் அடிக்கச் சொல்லி, அவன் முகத்தை இவனும் இவன் முகத்தை அவனும் சுவரில் செதுக்கி முடிக்கும்வரை மிஷின் பக்கம் விடமாட்டார். செதுக்கி முடித்தால் சண்டை முடிந்தது, அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. ஆகவே அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு முகமும் அந்த முகத்தைப் பிடிக்காத ஒருவன் செய்தது. மூக்கு கொஞ்சம் கோணலாகவும் காது கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும், ஆனாலும் நாள்கணக்கில் உற்றுப் பார்த்துச் செய்ததால் அச்சு அசலாக இருக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் முகத்தைத் தான் பார்க்கக்கூடாது. அந்த வழியாகப் போகிறவன் தன் முகம் வரும் இடத்தில் தலையைத் திருப்பி விளக்கை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோவான். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பார்க்கக்கூடாது என்பதே பதிலாகக் கிடைத்தது.

சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்த சுற்றுலாக் கம்பெனியின் மேனேஜர் பத்ரி மரியாதை தெரிந்த மனிதர். பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால் பழைய தொழிலாளிகளுக்குத்தான் முதல் பார்வை என்று சொல்லிப் பதினான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்தி அனுப்பினார். வயதானவர்கள் தடுக்கி விழக்கூடாது என்று பக்கச் சுரங்கம் முழுக்க ட்யூப்லைட் போட்டிருந்தார். தலைவிளக்கைத் திருப்பி இருட்டாக்கப் பழகியவர்களுக்கு, எங்கே திரும்பினாலும் வெளிச்சமாக இருக்கிற இடத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. தவிர, ஒவ்வொருவரும் தான் செய்த முகத்தைத்தான் ஆசையாகத் தேடிப் போனார்கள். சண்டை போட்ட இரண்டு பேரின் முகமும் அடுத்தடுத்து இருக்கும் என்பதை அந்த நிமிஷத்தில் அத்தனை பேரும் மறந்துபோனார்கள்.

கூண்டு மேலே வந்து கதவு திறந்தபோது பதினான்கு பேருக்கும் சுவரில் இருந்த முகமே இருந்தது. பொன்னாடையை வைத்தும் செருப்பை வைத்தும் அவரவர் பெண்டாட்டிமார் அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரும் மயங்கி விழவில்லை. கூண்டை இயக்கிய பழைய டிரைவர் கோதண்டத்தின் மனைவி பவுனம்மாள், தன் புருஷனும் அவர்களோடு கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தடவை சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, கோணல் மூக்கோடு நின்ற தன் அண்ணன் வரதப்பனைப் பார்த்து, “இது ஏழுமலை கைவேலை” என்று சொல்லிவிட்டு நேராக ஏழுமலை வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள்.

“எங்கண்ணன் மூக்கு இப்படியா இருக்குது? கண்ணு தெரியலன்னா செதுக்க ஏன் உட்கார்ந்தே?”

“தங்கச்சி, அன்னிக்கு உங்கண்ணன் என் டிபன் டப்பாவை உதைச்சான். அன்னிக்கு எனக்கு அவன் மூக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.”

ஊரில் நடந்த சண்டையெல்லாம் இந்த மாதிரியான சண்டைதான். கல்லில் இருந்தது மனுஷன்மேல் எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, ஏன் இவ்வளவு மோசமாகச் செய்தாய் என்று கேட்கவே பொழுது சரியாக இருந்தது. பங்குச் சாமியார் அடுத்த ஞாயிறு பூசையில், முகம் மாறியவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் தேவையில்லை என்று அறிவித்தார்; மாரியம்மன் கோயில் பூசாரி எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் திருஷ்டி சுற்றிப்போட்டார். பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போனவர்களை வங்கியில் யாரென்று கேட்டார்கள், பத்ரி சுவரில் இருந்த முகங்களைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார், வங்கி அதை ஒப்புக்கொண்டது. காது இல்லாமல் செதுக்கப்பட்டவர்கள் கண்ணாடியை நூல் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். கல்லில் இருந்தது அந்தக் காலத்து முகம் என்பதால் சில பேர் அறுபத்தைந்து வயதில் முப்பது வயது மூஞ்சியோடு திரிந்தார்கள். கழுத்துக்கு மேலே மாப்பிள்ளை கீழே மாமனார் என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஆனால் கடைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியூரிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள், தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள்.

இன்னாசியின் விஷயம் மட்டும் இதில் அடங்கவில்லை. அவர் முகத்தைச் செதுக்கியவன் சலேத்தம்மாளின் தம்பி சவரிமுத்து. நெற்றி, புருவம், கண், மூக்கு எல்லாம் குறையில்லாமல் செய்து மேலுதடு தொடங்கும் இடம்வரை வந்திருந்தான். அதற்குக் கீழே வெறும் பாறை, மூன்று உளிக் கோடுகள். இன்னாசியின் மூக்குக்குக் கீழே இப்போது வெறும் தோல்தான் இருந்தது, அதில் மூன்று கோடுகள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எங்கே அறுத்தாலும் பின்னால் வாய் என்று ஒன்று இல்லை என்று சொல்லி, மூக்கு வழியாக வயிற்றுக்கு ட்யூப் போட்டு அனுப்பிவைத்தார். சலேத்தம்மாள் அதில் மூன்று வேளையும் வடிகட்டிய கஞ்சி ஊற்றினாள்.

எல்லிமேட்டில் கல்யாணமா, காரியமா, சங்கக் கூட்டமா, மைக் இன்னாசி கையில்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மிஞ்சியது மூக்கு வழியாக வரும் “ம்” ஒன்றுதான். கோதண்டத்தின் பேத்தி கல்யாணத்தில் வழக்கம்போல அவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் “ம்” என்றே பேசினார், ஏற்றி ஒரு “ம்”, இறக்கி ஒரு “ம்”, இழுத்து ஒரு “ம்”; அவருடைய ஜோக்குகள் ஊருக்கே மனப்பாடம் என்பதால் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டினார்கள், பந்தியில் உட்கார்ந்து, முன்னைக்கு இது தேவலை என்றும் பேசிக்கொண்டார்கள். எல்லிமேடு எதற்கும் பழகிக்கொள்ளும்.

சலேத்தம்மாளால் பழகிக்கொள்ள முடியவில்லை. வீடு அமைதியாக இருந்தது உண்மைதான், முதல் வாரம் அது அவளுக்குப் பிடித்திருந்ததும் உண்மைதான். ஆனால் மார்ச் மாதத்தில் கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஏப்ரலில் மறுபடியும் கிடந்தார், சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகும் அளவுக்குக் கழுத்து மெலிந்துவிட்டது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ட்யூபை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாதும்மா, இன்னொரு தடவை சளி கட்டினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். அன்றைக்குச் சாயங்காலமே அவள் தம்பி கடைக்குப் போனாள்.

சவரிமுத்து பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். ஐம்பத்தேழு வயது, நரைத்த மீசை. இருபத்தைந்து வருடமாக அக்காவோடு பேசுவான், அக்கா வீட்டு வாசலை மிதிக்க மாட்டான், மாமா இறங்கிய கூண்டிலும் அவன் ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிராமலேயே பேசினான்.

“மாமாவுக்கு வாய் இல்லன்னு ஊரே நிம்மதியா இருக்குது. உனக்கு என்னாக்கா குறைச்சல்?”

“செத்துப்போயிடுவாருடா. கீழே வந்து அந்த வாயைச் செதுக்கி முடிச்சுக் கொடு.”

அவன் கை நின்றது. ட்யூப் தானாக மேலே மிதந்து வந்தது.

“நான் வேணும்னு விடலக்கா. தப்புப் பண்ணினது அந்த வாய்தானே, அதைக் கடைசியா வச்சு நிதானமா செய்யலாம்னு இருந்தேன். சுரங்கத்தை மூடியாச்சுன்னு சைரன் அடிச்சுட்டானுங்க.”

அந்த வாய் செய்த தப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1983இல் சவரிமுத்துவின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த விருந்தில் இன்னாசி மைக்கைப் பிடித்து, என் மச்சான் பெரிய வீரன், சுரங்கத்தில் சேர்ந்த நாள் முதல் கூண்டு இறங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான், என் சட்டையெல்லாம் இடது பக்கம் ஒரு சாண் நீளமாகிவிட்டது பாருங்கள் என்று திரும்பி நின்று காட்டினார். அந்த விருந்தில் ஆரம்பித்த சிரிப்பு நிற்கவே இல்லை. பஞ்சர் ஒட்டச் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிற பள்ளிக்கூடப் பையன்கள்கூட அவனைச் சட்டை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். விருந்துக்கு மறுநாளே மேஸ்திரி இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். பொறுமை இல்லாத இன்னாசி இரண்டே சாப்பாட்டு வேளையில் மச்சான் முகத்தை முடித்துவிட்டார், மூடின கண் செதுக்குவதற்குச் சுலபம் என்பதால் மூடின கண்ணாகவே வைத்துவிட்டார்.

“என் மூஞ்சி அவர் மூஞ்சிக்குப் பக்கத்துலயே இருக்குதுக்கா” என்றான் சவரிமுத்து. “கண்ணு மூடி. அதைப் பார்த்தேன்னா எனக்கு ஆயுசுக்கும் கண்ணு திறக்காது. அப்புறம் குமிழி எங்க வருதுன்னு யாரு பார்க்கறது, நீயா?”

“சாக்கு போட்டு மூடிடலாம்டா.”

“அவரு வந்து கேக்கட்டும்.”

“எதாலடா கேக்கறது?”

சவரிமுத்து ட்யூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினான், வெகுநேரம் அமுக்கியே வைத்திருந்தான்.

விஷயம் தெரிந்து பத்ரி ஓடிவந்து, பட்டறையில் முறையாகப் படித்த சிற்பி ஒருவரை வரவழைக்கிறேன், ஒரே நாளில் அருமையான வாய் வைத்துவிடுவார் என்றார். கோதண்டம் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, “சண்டை போட்டவன்தான் சார் செதுக்கணும். வேற ஆளு கை வச்சா அது வேற சண்டை” என்று விளக்கினார்.

சவரிமுத்து ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. ஒப்புக்கொண்டதும் புதுச் சிக்கல் வந்தது. அவன் செதுக்க வேண்டிய வாய் எப்படி இருந்தது என்று அவனுக்கு ஞாபகமில்லை, பார்த்துச் செய்யலாம் என்றால் பார்க்க வாய் இல்லை. போட்டோ இருக்குமே என்று எல்லோரும் வீட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். எல்லிமேட்டில் நாற்பது வருடத்தில் எடுத்த எந்தப் போட்டோவிலும் இன்னாசி இருந்தார், எந்தப் போட்டோவிலும் அவர் வாய் இருந்த இடத்தில் மைக் இருந்தது. அவருடைய சொந்தக் கல்யாணப் போட்டோவிலும் மைக் இருந்தது. மைக் இல்லாத ஒரே ஒரு போட்டோவில் அவர் பேசிக்கொண்டிருந்ததால் மூக்குக்குக் கீழே கலங்கலாக இருந்தது.

பூட்டிக் கிடந்த சங்கக் கட்டடத்தைத் திறந்து கூட்டம் போட்டார்கள். கூட்டத்தின் ஒரே பொருள் இன்னாசியின் வாய். தடித்த உதடு என்றார் ஏழுமலை, தட்டையான உதடு என்றார் வரதப்பன், மேல் பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் என்று பவுனம்மாள் சொன்னபோது கோதண்டம் அவளைத் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னாசி ஒவ்வொன்றுக்கும் “ம்ம்” என்று மறுத்துத் தலையாட்டினார். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தபோதெல்லாம் அவரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் எது சரி என்று கேட்டபோது காகிதத்தில் அவரால் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. கடைசியில் எல்லோரும் சலேத்தம்மாளைப் பார்த்தார்கள். அவள், கீழே போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கூண்டில் ஏறினார்கள். ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த கோயம்புத்தூர்க் கூட்டம் ஒன்றைத் திருப்பி அனுப்ப முடியாது என்று பத்ரி அவர்களையும் ஏற்றிவிட்டார். மணி அடித்தது, தரை நழுவியது, நழுவின அந்த நொடியே சவரிமுத்து கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டி இன்னாசியின் சட்டையைப் பிடித்தான். இருபத்தைந்து வருடம் பேசாத கைதான், ஆனாலும் அதற்கு இடம் தெரிந்திருந்தது. இன்னாசி நகராமல் நின்றார். சலேத்தம்மாள் பார்க்காததுபோல லெவல்களை எண்ணினாள்.

பக்கச் சுரங்கத்தில் ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டுச் சலேத்தம்மாள் முன்னால் நடந்து, சுவரில் கண் மூடி நின்ற தம்பி முகத்தின்மேல் நனைத்த கோணிச் சாக்கை விரித்து, இரண்டு மூலையிலும் ஆணி அடித்து மாட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டாள். இன்னாசி கல்லுக்குப் பக்கத்தில், அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தார். சவரிமுத்து மண்டிபோட்டு, தன் விளக்கை அவர் முகத்தில் அடித்து, அந்த வெறும் தோலைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

“சொல்லுக்கா. மேலுதடு எப்படி?”

சலேத்தம்மாள் சொல்ல வாயைத் திறந்தாள். முப்பத்தெட்டு வருடம் அந்த வாய்க்குச் சோறு போட்டிருக்கிறாள். அடுப்படியில் இருந்துகொண்டு அதைக் கேட்டிருக்கிறாள், பந்தலுக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டிருக்கிறாள். பார்த்திருக்கிறாளா என்று யோசித்தபோது அவளுக்கு வேர்த்துவிட்டது.

“தெரியலடா” என்றாள்.

இன்னாசி அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பின்னால் நின்ற கோயம்புத்தூர்க் கூட்டத்தில் ஒரு பெண், “இது தினமும் நடக்கற ஷோவாங்க?” என்று பத்ரியை மெதுவாகக் கேட்டாள்.

சலேத்தம்மாள் தன் தலைவிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துத் தன் முகத்துக்கே வெளிச்சம் காட்டினாள்.

“என் வாயை வைடா.”

“யக்கா!”

“உனக்குத் தெரிஞ்ச வாய்தானே. அதை வை.”

“ஆம்பளைக்குப் பொம்பளை வாயா? ஊரு என்னா சொல்லும்?”

“கோணல் மூக்குக்கு என்னா சொல்லுச்சோ அதையே சொல்லும். நேரமாவுது, செதுக்கு.” பிறகு புருஷன் பக்கம் திரும்பி, “உங்களுக்குச் சம்மதந்தானே?” என்று கேட்டாள்.

இன்னாசி மூன்று தடவை “ம்” என்றார், முதலாவது கேள்வியாக இருந்தது, இரண்டாவது பெருமூச்சு மாதிரி, மூன்றாவதுதான் சம்மதம்.

சாப்பாட்டு வேளை தவிர வேறு நேரத்தில் உளி எடுக்கக்கூடாது என்பது முறை, அதனால் வியாழன்வரை இழுத்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் இறங்கினார்கள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஊர்க்கூட்டம் பின்னால் நின்று பார்த்தது. அசையாதே, அசையாதே என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்க, சலேத்தம்மாள் விளக்கைப் பிடித்தபடி உதட்டை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது கஷ்டமாக இல்லை, அசைக்காமல் இருந்து பழக்கம்தான். கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு, சவரிமுத்து ஆறு வயதில் கிட்டிப்புள் அடித்து உண்டாக்கியது. அதையும் விடாமல் அவன் செதுக்கினான், அந்த ஒரு தழும்புக்கே அரை நாள் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை கடைசித் துகளை ஊதிவிட்டு, “பாருங்க மாமா” என்று சொல்லிச் சவரிமுத்து ஒதுங்கினான். இருபத்தைந்து வருடத்தில் அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. இன்னாசி எழுந்து கல்லைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே தோல் சுருங்கியது, மடிந்தது, ஒரு கோடு விழுந்தது, அது சிவந்தது. ட்யூப் தானாக மூக்கிலிருந்து கழன்று விழுந்தது. அதே நேரம், நான்கு நாள் உளி அதிர்ச்சியில் இளகிப்போயிருந்த ஆணி ஒன்று பெயர்ந்து கல்லில் டிங்கென்று விழ, சாக்கின் ஒரு மூலை தொங்கி, சத்தம் வந்த பக்கம் சவரிமுத்துவின் தலை திரும்பத் தொடங்கியது.

“கண்ணை மூடுடா மச்சான்!”

சுரங்கம் முழுக்க அந்தக் குரல் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. இன்னாசியின் குரல்தான், அதில் சந்தேகமில்லை. சவரிமுத்து கண்ணை மூடினான். சாக்கு முழுவதுமாகக் கழன்று அவன் காலடியில் விழுந்தது. சுவரில் ஒரு முகம் கண்ணை மூடியிருந்தது, அதற்கு முன்னால் நின்றவனும் கண்ணை மூடியிருந்தான். அன்றைக்கு வந்திருந்த திண்டுக்கல் கூட்டம் கைதட்டியது.

இன்னாசி மச்சானின் கையைப் பிடித்து எடுத்துத் தன் சட்டையில் வைத்துக்கொண்டு வெளியே நடத்திக் கூட்டிவந்தார். கூண்டு பாதி ஏறியதும் சவரிமுத்து, கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்:

“அதே கண்ணு மூடின கதைதானே மாமா. வேற வார்த்தையே கிடைக்கலயா?”

“கிடைச்சுது மச்சான். நேரமில்ல.”

மேலே வந்ததும் இன்னாசி இரண்டு பன் தின்றார். சலேத்தம்மாள் எதிரே உட்கார்ந்து தன் வாய் பன் தின்பதைப் பார்த்தாள். தான் இவ்வளவு அவசரமாகத் தின்கிறவள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பெண் வாயை எல்லிமேடு ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டது. வெற்றிலை போட்டால் உதடு நன்றாகச் சிவக்கிறது என்று பவுனம்மாள் சொன்னாள். அக்கா வாயிடம் கோபப்பட முடியவில்லை என்று சவரிமுத்து எட்டாம் நாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான், வந்தவன் மாமா பேசும்போதெல்லாம் பாதியில் அக்காவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஊருக்கு இருந்த ஒரே குறை மைக் விஷயத்தில்தான். இன்னாசி மைக்கைப் பிடிப்பார், குரல் தயாராக இருக்கும், ஜோக்கும் தயாராக இருக்கும், வாய் திறக்காது. அது யோசிக்கும். யோசித்துப் பத்து வார்த்தை பேசிவிட்டு மூடிக்கொள்ளும், அந்தப் பத்து வார்த்தையும் யாரையும் குத்தாது. இதற்கு அந்த “ம்”மே தேவலை என்று கல்யாண வீடுகளில் முணுமுணுத்தார்கள், வரதப்பன் வீட்டு விசேஷத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள்.

சலேத்தம்மாளுக்கு வேறு பழக்கம் வந்தது. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, சிரிக்கும்போது தன் உதடு எந்தப் பக்கம் சாய்கிறது, பொய் சொல்லும்போது எங்கே இறுகுகிறது, சும்மா இருக்கும்போது எவ்வளவு சோகமாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்தாள். இப்படி இருந்தால் எல்லோரும் நம்மை ஊமை என்றுதானே நினைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதன்பிறகு அவள் பேசத் தொடங்கினாள்: முதலில் தெருக்குழாயடியில், பிறகு மாதா கோயில் பெண்கள் கூட்டத்தில், பிறகு ஒருநாள் பத்ரியின் அலுவலகத்துக்கே போய், பத்தொன்பதாம் லெவலில் ட்யூப்லைட்டைக் கழற்று, தலைவிளக்கு கொடு, பார்க்கப் பிரியப்பட்டவன் பார்க்கட்டும், வேண்டாதவன் திருப்பிக்கொண்டு போகட்டும் என்று அரைமணி நேரம் பேசினாள். பத்ரி அன்றைக்கே கழற்றினார். வழிகாட்டிகள் மட்டும் அந்த ஒரு முகத்தில் விளக்கை நிறுத்தி, இது ஆண்பாதி பெண்பாதியான பழங்காலத்துத் தெய்வம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சில பேர் கல்லுக்குக் குங்குமம் வைத்ததால் இன்னாசியின் நெற்றியில் வெள்ளிக்கிழமைதோறும் அரிப்பு எடுத்தது.

2017 ஜூன் 6, செவ்வாய்க்கிழமை விடியற்காலை சலேத்தம்மாள் மாரடைப்பில் இறந்தாள். மறுநாள் மாலை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இன்னாசி ஐந்து நிமிடம் பேசினார். சவரிமுத்து குழிக்கு எதிர்ப்பக்கம் நின்று, பேச்சு முடியும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.